மூன்று மாத அட்வான்ஸ் எந்தத் தெருவில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதினொரு வருடமாகக் கொருக்குப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மாடி கட்டப்போவதாகச் சொல்லி, வீட்டுக்காரர் போன மாதம் காலி செய்யச் சொன்னார். சரி, அவர் வீடு. அன்றிலிருந்து தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை என்று டூலெட் போர்டு தேடி அலைகிறோம்.

ஒரு ஹால், ஒரு சமையலறை, மாடிப்படிக்குக் கீழே நாலு குடித்தனத்துக்கும் பொதுவான கழிப்பறை. இதற்கு வாடகை 8,500, அட்வான்ஸ் 85,000. கரண்ட் தனி, யூனிட்டுக்கு 9 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எங்களுக்கு வந்து சேருவதே இல்லை. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததில் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் இப்போது தரகர் "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்மா" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்.

வாடகையையாவது வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்துவிடலாம். அட்வான்ஸ்தான் ஆளைச் சாய்க்கிறது. மீன்பாடி வண்டியில் பீரோவை ஏற்றும் முன்பே புது வீட்டுக்கு முழுப் பணமும் கொடுத்தாக வேண்டும். பழைய அட்வான்ஸோ சாவியைக் கொடுத்த பிறகுதான் வரும், அதிலும் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை போய்விடும். இந்த இடைவெளிக்காகத்தான் என் சங்கிலி அடகுக்குப் போகிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இதைச் சொன்னால், "அப்போ சட்டத்துக்கிட்டயே வீடு கேளுங்க" என்று ஒரு வீட்டம்மா கதவைச் சாத்திவிட்டார்.

பெரும்பாக்கம் பக்கம் போகச் சொல்கிறார்கள். என் கணவருக்குக் காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலை, விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து எந்த பஸ்ஸில் வருவார்?

வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வார்டு வார்டாக முகாம் போடுங்கள். கூடுதல் அட்வான்ஸ் கேட்டால் அங்கேயே புகார் வாங்குங்கள். மாதம் இருபது, இருபத்தைந்தாயிரம் சம்பாதிக்கிறவர்களுக்கு வடசென்னையிலேயே அரசு வாடகை வீடு கட்டட்டும். அடுத்த பத்தாம் தேதிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை