நாலாம் மாடி விளக்கை எரியவிட்டது யார்?

வணிகக் கட்டடங்களை நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அலுவலகக் கட்டடங்களில் விளக்குகள் தானாக எரியவும் அணையவும் புரோகிராம் எழுதித் தருவது என் பிழைப்பு. நீங்கள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் எனக்கு வேலை தொடங்கும். அதனால் நாம் நேரில் பேசிக்கொள்வது குறைவு. பேசினாலும் ஏதாவது புகாராகத்தான் இருக்கும். அப்படி வந்த ஒரு புகார்தான் இந்த மடலை எழுத வைத்தது.

ஒரு கட்டடத்தில் நாலாம் மாடி விளக்குகள் மூன்று வாரமாக விடிய விடிய எரிகின்றன, உங்கள் புரோகிராமைத் திருத்துங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஷெட்யூல், அதாவது விளக்கு எரியவும் அணையவும் போட்ட நேர அட்டவணை, இரவு 10 மணிக்கு ‘ஆஃப்’ என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. விளக்குதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணம் இதுதான்: கட்டடத்தின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழியான பேக்நெட் முறையில் கட்டளைகளுக்கு 1 முதல் 16 வரை முன்னுரிமைப் படிகள் உண்டு. எண் சிறிதானால் அதிகாரம் பெரிது. ஷெட்யூல் பெரும்பாலும் 15, 16 என்று கடைசி வரிசையிலிருந்து பேசும். திரையில் ஆள் கொடுக்கும் கட்டளைக்கு 8. யாரோ ஒரு மாலை ‘ஆன்’ அழுத்தியிருக்கிறார். அவர் போய்விட்டார், அந்த ‘ஆன்’ மட்டும் 8-ஆம் படியில் குத்துக்கல்லாக உட்கார்ந்துவிட்டது. ‘ஆஃப்’ அழுத்தினாலும் தீராது. அதுவும் 8-ல் போய் உட்காரும், காலையில் விளக்கே எரியாது. கொடுத்த கட்டளையை விடுவிக்க வேண்டும். அந்தப் பொத்தானைத் திரையில் பலர் கவனித்ததே இல்லை.

விடுவிக்க அரை நிமிடம் ஆனது. யார் அழுத்தினார், எப்போது, எதற்கு என்று கண்டுபிடிக்கத்தான் இரவு முழுக்கப் போனது. கடைசிவரை தெரியவில்லை.

நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். சில நூறு வரிகள் மட்டுமே கொள்ளும் இடம், அதுவும் விளக்குகளை இயக்கும் சிறு கணினியான கன்ட்ரோலருக்குள்ளேயே. நிரம்பியதும் பழைய வரியின் மேல் புதிய வரி ஏறிவிடும். நடைபாதையில் ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார், யார் கடந்தாலும் ஒரு வரி எழுதியிருந்தது. தேநீர் எடுக்கப் போனவர்களின் வரலாறு மொத்தமும் அங்கே இருந்தது. நான் தேடி வந்த ஒற்றை வரி என்றோ அடித்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியவற்றிலும் பல வரிகளில் தேதி 1970 ஜனவரி 1. கடிகார பேட்டரி செத்திருந்தது. மின்சாரம் போய் வந்ததும் கன்ட்ரோலர் தன் ஆதிகாலத்துக்குப் போய்விட்டது. நேரம் தரும் சர்வரோடு இணைப்பே இல்லாததால், யாரோ கையால் திருத்தும்வரை அங்கேயே இருந்திருக்கிறது. பயனர் பெயர் என்ற இடத்தில் எல்லா வரியிலும் ‘அட்மின்’. அந்த அட்மினின் கடவுச்சொல் மானிட்டரின் அடியில், மஞ்சள் தாளில்.

பழி முழுவதையும் உங்கள் மேல் போட எனக்கு வாயில்லை. சென்சாரின் ஒவ்வொரு அசைவையும் பதியச் சொன்னது எங்களைப் போன்றவர்கள்தான். ‘எல்லாம் பதிவாகிறது’ என்று காட்டினால் ஒப்படைப்பு நாளில் பார்க்க நன்றாக இருக்கும். அவ்வளவுதான் அதன் பயன்.

எங்கள் பிழை இன்னொன்றும் சொல்கிறேன். இரவுப் பணி நடக்கும் ஒரு தளத்துக்கு 20:00-க்கு எரிய, 04:00-க்கு அணைய என்று போட்டிருந்தேன். சரியாக 12 மணிக்கு விளக்கு அணைந்தது. பேக்நெட் ஷெட்யூலுக்கு ஒவ்வொரு நாளும் 00:00-க்குப் புதிதாகப் பிறக்கிறது. நேற்றைய ‘ஆன்’ அதற்கு நினைவில் இருக்காது. அன்றைய முதல் கட்டளை வரும்வரை இயல்பு நிலைக்குப் போய்விடும், அங்கே இயல்பு நிலை ‘ஆஃப்’. அடுத்த நாளின் 00:00-க்கும் ஒரு ‘ஆன்’ போட்ட பிறகுதான் சரியானது. இருட்டில் உட்கார்ந்தவர்கள் சொன்ன நேரமும் பதிவில் இருந்த நேரமும் ஒத்துப்போனதால் பத்து நிமிடத்தில் பிடித்தேன். நாலாம் மாடியில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

பதிவே சொல்லாத விஷயங்களும் உண்டு. வேலை நேரம் என்று நீங்கள் கொடுக்கும் தாளில் துப்புரவுப் பணியாளர்களின் நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை கழிப்பறை வாசலில் ஓர் அம்மா, ஒரு கையில் மாப்போடு மறு கையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “அப்பப்போ ஆட்டலைன்னா லைட் போயிடும் தம்பி” என்றார். சென்சாரின் பார்வை தடுப்புக்குப் பின்னால் எட்டவில்லை. தினமும் இரவு இதே பாடுதான். புகார் சொல்ல அவரிடம் எந்த எண்ணும் இல்லை. அணைப்பதற்கு முன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து எச்சரிப்பதும், சென்சாருக்கு இன்னும் சில நிமிடம் பொறுமை கொடுப்பதும் எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அவர் அங்கே இருக்கிறார் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

விளக்குக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கருவியான டிரைவரை மாற்றினாலும் சொல்லுங்கள். விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டாலி இணைப்பில் ஒரு வரிசைக்கு 64 முகவரிதான். புதிய டிரைவர் முகவரியும் குழுவும் இல்லாமல் வரும். குழுவுக்குக் கொடுக்கும் கட்டளை எதையும் கேட்காமல், மின்சாரம் வந்ததும் முழு வெளிச்சத்தில் நிற்கும். எலக்ட்ரீஷியனைத் திட்டாதீர்கள், அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்.

இனி நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை. திரையைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். கையால் கொடுக்கும் கட்டளைக்குக் காலாவதி: இரண்டு மணி நேரமோ மூன்றோ, அதன்பின் தானாக விடுபட வேண்டும். எதைப் பதிய வேண்டும், எதை விட வேண்டும் என்று உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. என்னைக் கேட்டால், ஆள் அழுத்தியது, ஷெட்யூலில் கைவைத்தது, கடிகாரம் திருத்தியது, கன்ட்ரோலர் செத்துப் பிழைத்தது ஆகியவற்றில் ஒரு வரிகூட விடக்கூடாது. சென்சாரின் சலசலப்பு தனி இடத்துக்குப் போகட்டும். பதிவு கன்ட்ரோலருக்கு வெளியே ஒரு சர்வரிலும் சேர வேண்டும். ஷெட்யூலின் நகல் ஒன்று, விடுமுறைப் பட்டியலோடு, சாதாரணத் தமிழில் உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடுமுன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் கண்ணெதிரே ஒரு விளக்கைக் கையால் எரியவைக்கட்டும். கன்ட்ரோலரின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கட்டும். பிறகு அந்த வரியை, சரியான பெயரோடும் நேரத்தோடும், பதிவில் காட்டட்டும். காட்டும்வரை பேனாவைத் திறக்காதீர்கள், வந்திருப்பது நானாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
உங்கள் மின் அறையில் இரவில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரோகிராமர்