தாடை வலிக்கு மூவரும் சேர்ந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காதோரம் வலி, கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம், காலையில் எழுந்ததும் கன்னம் இறுகிப்போயிருப்பது. இந்தத் தொல்லைகளோடு குமரி மாவட்டம் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் பலர் முதலில் காது டாக்டரிடம்தான் போகிறார்கள். காதில் கோளாறு இல்லை என்றதும் பல் டாக்டர். அங்கே கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்டோ பிடுங்கிவிட்டோ அனுப்பினால் வலி அப்படியே இருக்கிறது. பிறகு திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏறுகிறார்கள். தேய்த்த பல் திரும்ப வளராதே!

கம்பி போடும் நிபுணர், செயற்கைப்பல் நிபுணர், தாடை அறுவை நிபுணர் மூவரும் நோயாளியைச் சேர்ந்து பார்த்த பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும். கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருக்கிறது என்று வையுங்கள். கம்பியால் மட்டும் சமாளிப்பதென்றால் பெரும்பாலும் கீழ்வரிசைச் சிறு கடைவாய்ப் பற்களை எடுப்பார்கள். அறுவை என்றால் பல நேரம் மேல்வரிசையில் எடுப்பார்கள். முதலிலேயே பேசி முடிவெடுக்காவிட்டால், தப்பான வரிசையில் பல் போய்விடும். அறுவைக்கு முன் ஓராண்டுக்கு மேல் கம்பி போடும்போது முகம் இன்னும் கோணலாகத் தெரிவதும் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வலிக்கெல்லாம் பல் வரிசையே காரணம் என்பதும் சரியல்ல. பெரும்பாலும் வலிப்பது மெல்லும் தசை. பல நேரம் அதற்கு ஒரு காரணம், நம்மை அறியாமல் பல்லை இறுகக் கடிப்பது. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். வலி இருந்தால் சில வாரம் கஞ்சியும் பயறும், நன்றாக வெந்த மரச்சீனியும் சாப்பிட்டு, சிப்ஸ், முறுக்கை ஒதுக்கி, இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்க வேண்டும். அடுத்தது இரவில் போடும் ஸ்பிளிண்ட், அதாவது பல்வரிசைமேல் மாட்டும் உறை. கெட்டியான அக்ரிலிக்கில் ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூட வேண்டும். கடைவாய்ப் பக்கம் சுமார் 2 மி.மீ. கனம். கடிக்கும் இடத்தில் நிறம் ஒட்டும் நீலத்தாள் வைத்துக் கடிக்கச் சொன்னால் இருபுறமும் புள்ளிகள் சமமாக விழ வேண்டும். தசை தளரத் தளரக் கடி மாறும். அதனால் ஒரு வாரத்திலும் பிறகு மாதாமாதமும் பார்த்துச் சரிசெய்யாத ஸ்பிளிண்டால் பயனில்லை. முன்பற்களை மட்டும் மூடுவதை மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் எழும்பி, முன்வாய் மூடாமல் போகும். வலி அடங்கிய பிறகே கம்பி, தேவையானால் அறுவை; பிரிட்ஜும் கேப்பும் கடைசியில்தான்.

மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்குமளவு வாய் திறக்காவிட்டால் உடனே காட்ட வேண்டும். பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து நாராக இறுகியிருந்தால் அது தாடை மூட்டுக் கோளாறல்ல, புற்றுநோய்க்கு வழிவிடும் நிலை. ஸ்பிளிண்ட் அங்கே உதவாது.

மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் மூவரும் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். நோயாளிகளும் பழைய ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும்) எக்ஸ்ரே, பல் அச்சு மாதிரி, போட்ட ஸ்பிளிண்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். தாடை மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் வட்டு விலகியிருப்பது ஓபிஜியில் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவையா என்பதையும் அந்த மூவர் கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் சிலர்,
மார்த்தாண்டம்.