மேல் தோட்டைப் பற்றி மகளுக்கு

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

அன்பு மகள்,

நேற்று வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது நீ தலையைச் சாய்த்து ஈரமுடியைத் துவாயால் துடைத்தாய். இடது காதின் மேல் விளிம்பில் ஏதோ மினுங்கியது. உடனே முடியை இழுத்து மூடிவிட்டாய். நான் கண்டுவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்ததால் அப்போது கேட்கவில்லை. இன்று காலையில் அவருக்கும் சொன்னேன். "பிள்ளைக்கு நோகுதாமா?" என்று மட்டும்தான் கேட்டார். ஆகவே இந்த வீட்டில் ஒருவருக்கும் கோபமில்லை, அதை முதலில் தெரிந்துகொள்.

லீவு முடிந்து நீ பேராதனைக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் சிநேகிதியோடு பம்பலப்பிட்டிக்குப் போய்விட்டு வந்தாய். அன்றைக்குத்தான் குத்தியிருக்க வேண்டும். என் கணக்குச் சரியென்றால் இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். நோவு குறைந்திருக்கும், வீக்கமும் வற்றியிருக்கும், ஆறிவிட்டது என்று நினைக்கத் தொடங்கியிருப்பாய். அதனால்தான் நாளைவரை பொறுக்காமல் இன்றைக்கே எழுதுகிறேன்.

உன் காதுச்சோணையில் குத்தியது உனக்கு எட்டு மாதமாக இருந்தபோது, செட்டியார் தெருவில். அம்மம்மாவின் மடியில் உன்னை இருத்தி, பத்தர் மையால் இரண்டு பொட்டு வைத்து, இரண்டும் நேராக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நீ அழுத அழுகைக்கு அடுத்த கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டி முடித்ததும் அம்மம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தொட்டுவைத்து, கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். ஒன்றரை மாதத்தில் ஆறிவிட்டது. காது குத்துவதைப் பற்றி எங்கள் சனத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சோணைக்கு அது எப்படியோ ஒத்துப்போனது. மேல் காதுக்கு ஒத்துவராது.

சோணை வெறும் சதை, இரத்தம் தாராளமாக ஓடுகிற இடம். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் ஆறிவிடும். நீ குத்தியிருக்கிற இடம் குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாயே கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்விலிருந்து கசிந்து வருகிற சத்தில்தான் அது உயிரோடு இருக்கிறது. அதனால் அது முழுதாக ஆற ஆறு மாதம் பிடிக்கும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். போதாததற்கு, இப்படியான துளை வெளியிலிருந்து உள்ளே ஆறுகிறது. முன்வாயும் பின்வாயும் முதலில் காய்ந்து வடிவாகிவிடும், நடுவில் இன்னும் பச்சைப்புண்ணாக இருக்கும். கதிர்காமத்தில் கன்னத்தில் அலகு குத்தியவர்கள் அலகை இழுத்தெடுத்துத் திருநீறு பூசிக்கொண்டு நடந்துபோவதை நீயும் பார்த்திருக்கிறாய். அந்தக் காயத்துக்குள் ஒன்றும் தங்குவதில்லை, தானாக மூடிக்கொள்ளும். உன் காயம் ஒரு உலோகத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றித் தோல் வளர்த்து ஆற வேண்டிய காயம். அதற்குக் காலம் வேண்டும், அமைதியும் வேண்டும்.

இனி, உனக்கு நான் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் வலது காதின் மேல் விளிம்பில் ஒரு மடிப்பு இருக்கிறது. சின்ன வயதில் என் மடியில் கிடந்து அதை விரலால் நீவி, "இது ஏன் அம்மா அப்பளம் மாதிரிச் சுருங்கியிருக்கு?" என்று கேட்பாய். பிறப்பிலேயே அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன். அது பொய்.

1994இல் எனக்கு இருபது வயது. வகுப்புத் தோழி ஒருத்தி மேல் காதில் சின்னக் கல் போட்டிருந்தாள், அவ்வளவு வடிவாக இருந்தது. காலி வீதியில் ஒரு அழகு நிலையத்தில், அம்மாவுக்குச் சொல்லாமல், நானும் குத்திக்கொண்டேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் படாரென்று அடித்தார்கள். சோணைக்கென்று செய்த கருவி அது. ஊசி துளை போடும். இந்தக் கருவியோ மொட்டைத் தோட்டை அமுக்கி நசுக்கிக்கொண்டு போகும், அந்த அடியில் குருத்தெலும்பு வெடிக்கவும் கூடும். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. முடியால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மம்மா செய்வதைப் பார்த்துப் பழகியபடியே எண்ணெய் பூசி, காலையும் மாலையும் சுற்றினேன். சுற்றும்போது உள்ளே ஏதோ பிய்கிற மாதிரி இருக்கும். ஒட்டாமல் இருக்கத்தான் சுற்றுகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். உண்மையில் ஒவ்வொரு நாளும் வளர்ந்த புதுத்தோலை ஒவ்வொரு நாளும் கிழித்திருக்கிறேன்.

மூன்றாம் கிழமை காது சிவந்தது. இரண்டு நாளில் மேல் காதின் மடிப்பெல்லாம் மறைந்து, பழுத்த கொய்யாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. சோணை மட்டும் பழையபடியே இருந்தது, அங்கே குருத்தெலும்பு இல்லை அல்லவா. தலையணையில் சாய முடியாது. அம்மாவிடம் சொன்னால் என்ன சொல்வாரோ என்ற பயத்தில், குடைந்து குடைந்து ஹைட்ரஜன் பெரொக்சைட்டை விட்டேன். பொங்கிப் பொங்கி நுரைத்தது, கிருமி சாகிறது என்று நினைத்தேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு வந்தபோது அம்மா சீப்பை எடுத்து என் முடியைப் பின்னால் வாரினார். சீப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அடி விழும் என்று. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இதோட எத்தனை நாள் படுத்தனி?"

அன்றிரவே ஆஸ்பத்திரி. கீறிச் சீழ் எடுத்தார்கள். சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கட்டியதால், சத்துக் கிடைக்காமல் ஒரு துண்டு செத்துப்போய்விட்டது. அதை வெட்டி எடுத்த இடம்தான் நீ நீவிய மடிப்பு. ஐந்து நாள் முன்னதாக வந்திருந்தால் குளிசையோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அந்த ஐந்து நாளும் நான் பயந்து மறைத்த நாட்கள். நீ நேற்று முடியை இழுத்து மூடியபோது என் நெஞ்சு பதறியது அதனால்தான், குத்தினாய் என்பதற்காக அல்ல.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். இருபத்திரண்டு வருடமாகப் பாமசியில் நிற்கிறேன். குத்திய காதோடும் மூக்கோடும் எத்தனை பிள்ளைகள் வந்திருப்பார்கள், அநேகமாக எல்லோரும் அளவுக்கு மிஞ்சிப் பார்த்ததால் வந்தவர்கள்.

இந்தப் பொதிக்குள் சின்னச் சின்ன பிளாஸ்ரிக் குப்பிகள் அறுபது வைத்திருக்கிறேன். 0.9 வீதச் சேலைன், ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு, வேறு ஒன்றும் சேராதது. ஒரு தடவைக்கு ஒன்றை உடை, மிச்சத்தை ஊற்றிவிடு. பெரிய போத்தல் மலிவுதான், ஆனால் திறந்து நாள்கணக்கில் வைத்தால் அதற்குள்ளேயே கிருமி வளரும். விடுதியில் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. கண்மதிப்பில் போடுகிற உப்பு எப்போதும் கூடித்தான் போகும், புண்ணைக் காயவைத்து எரிக்கும். காலையும் இரவும் முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. பிறகு சேலைனை முன்னும் பின்னும் ஓடவிட்டு, கோஸ் துணியால் ஒற்றி எடு. பஞ்சு வேண்டாம், நார் சிக்கும். உன் துவாயும் வேண்டாம், நேற்று நீ அதனால் காதோரத்தைத் தேய்த்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காலையில் தோட்டின் தண்டைச் சுற்றி வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ பொருக்குக் கட்டியிருக்கும். அது சீழ் அல்ல, புண் ஆறும்போது ஊறுகிற நீர் காய்ந்தது. நகத்தால் பிய்க்காதே. சேலைனில் ஊறினால் தானாகக் கழன்று வரும், வராவிட்டால் விட்டுவிடு, நாளைக்கு வரும். அயடீன், ஸ்பிரிட், பெரொக்சைட், எண்ணெய், மஞ்சள், களிம்பு ஒன்றும் அதன் கிட்டப் போகக் கூடாது. மஞ்சளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, அரைத்த மஞ்சளில் மண்ணும் இருக்கும் கிருமியும் இருக்கும், திறந்த காயத்துக்குள் அது எதற்கு? சுற்றாதே. இதைப் பெரிய எழுத்தில் எழுதலாம் போலிருக்கிறது. ஒரு நாளும் சுற்றாதே, முன்னும் பின்னும் தள்ளியும் பார்க்காதே.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிக்கலாம், முழுகலாம், ஆனால் ஷாம்பு அந்தப் பக்கம் வழிந்தால் நன்றாகக் கழுவிவிடு. மகாவலியில் குளிக்கப் போகிறோம் என்று கூப்பிடுவார்கள், கரையில் இரு. இங்கே வந்தாலும் கடலில் இறங்கக் கூடாது, நீச்சல் தடாகமும் கூடாது. என் காதைத் தின்ற கிருமிக்குப் பெயர் சூடோமோனாஸ். ஈரத்திலும் தண்ணீரிலும் வாழ்கிறது, குருத்தெலும்பு கிடைத்தால் விடாது. நாங்கள் சாதாரணமாக விழுங்குகிற அன்ரிபயோட்டிக் பலதுக்கு அது அசையாது. அதனால் டொக்டரிடம் போனால் "காது வீங்கியிருக்கு" என்று மட்டும் சொல்லாதே, குருத்தெலும்பில் குத்தியது என்றும் எத்தனை நாள் என்றும் சொல். பாமசியில் போய் நீயாக ஒரு குளிசை வாங்கி விழுங்குவது வேண்டவே வேண்டாம், பாமசிக்காரி நான் சொல்கிறேன்.

படுப்பது வலப்பக்கம் மட்டும். பொதிக்குள் இருக்கிற, கழுத்தில் போடுகிற வளையத் தலையணையை மெத்தையில் வைத்து, காது அந்த ஓட்டைக்குள் வருகிற மாதிரிப் படுத்தால் புரண்டாலும் அமுங்காது. உறை நாலு வைத்திருக்கிறேன், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்று. பெரிய ஹெட்போனை இப்போதைக்கு மூட்டைகட்டி வை. போனை மற்றக் காதில் பிடி.

தோடு என்ன உலோகம் என்று கேட்டு எனக்கு எழுது. உடலுக்குள் வைக்கிற தரத்து டைட்டானியம் என்றால் நிம்மதி. நிக்கல் கலந்த மலிவுத் தோடென்றால் சிலருக்கு அரிப்பும் நீர்க்கசிவும் நிற்கவே நிற்காது, அதைக் கிருமி என்று நினைத்து மருந்துக்கு மேல் மருந்து போடுவார்கள். எனக்குக் கைக்கடிகாரத்தின் கொழுவியே பட்டால் கடிக்கும், உனக்கும் அந்தத் தோல்தான். இன்னொன்று, முதலில் போடுகிற தண்டை வீக்கத்துக்கு இடம்விட்டு நீளமாகத்தான் போடுவார்கள். வீக்கம் வற்றியதும் அது சீப்பிலும் உடுப்பிலும் மாட்டி இழுக்கும், துளையும் சரிந்துபோகும். ஒன்று இரண்டு மாதத்தில் குத்தியவரிடமே போய்க் கட்டையான தண்டு மாற்ற வேண்டும். நீயாகக் கழற்றாதே. கொழும்புக்கு வா, நானும் கூட வருகிறேன்.

சித்தியின் மகளுடைய கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான். ஜிமிக்கி சோணையில் மட்டும். மேல் காதுக்குப் பொன்தோடு போடச் சொல்லிப் பெரியம்மா நிற்பார், எனக்குத் தெரியும். 22 கரட் மென்மையான பொன், இலகுவில் கீறுப்படும், அந்தக் கீறலில் அழுக்குத் தங்கும். அடுத்த வருடம் நானே செட்டியார் தெருவில் செய்வித்துத் தருகிறேன். மண்டபத்தில் யாராவது ஏன் குத்தினாய் என்று கேட்டால் என்னிடம் அனுப்பு. பிள்ளைக்கு வடிவாக இருக்கிறது என்று சொல்வேன், அதுதான் உண்மையும்.

பயப்பட வேண்டிய குறிகளைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். லேசான சிவப்பும், கை பட்டால் நோவதும், நடுவில் ஒருநாள் கொஞ்சம் வீங்கி வற்றுவதும் வழக்கம். ஆனால் சிவப்பு ஒவ்வொரு நாளும் பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, விண்விண்ணென்று தெறித்தாலோ, பச்சையாகத் தடித்த சீழ் வந்தாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, அன்றைக்கே போய்க் காட்டு. பரீட்சை இருந்தாலும் போ. போகிற அவசரத்தில் தோட்டை இழுத்துக் கழற்றிவிடாதே. துளையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளே கட்டும். எடுப்பதா வைப்பதா என்று டொக்டர் சொல்லட்டும். வளாகத்துச் சுகாதார நிலையத்தில் தொடங்கி, காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேள். போகிற வழியிலேயே எனக்கு அழை. நடுச்சாமம் என்றாலும் அழை, முதல் பஸ்ஸில் நான் வருவேன்.

பொதியில் முறுக்கும் இருக்கிறது, அறைப் பிள்ளைகளுக்கும் கொடு.

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் ஒரு படம் அனுப்பு. முடியைப் பின்னால் கட்டி, யன்னல் வெளிச்சத்தில், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே.

அம்மா