சிவப்பு மையில் எழுதிய கேஸ் ஷீட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 முடிந்த மறுநாள் உங்கள் பேப்பரில் வழக்கமான படம் வந்திருந்தது. கலெக்டர் உறுதிமொழி வாசிக்கிறார், நர்சிங் காலேஜ் பிள்ளைகள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, நானும் அந்த வரிசையில் நின்றவள்தான், அப்புறம் பிள்ளைகளை நிற்க வைத்தவளும்தான். முப்பத்திரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்குகிறார்கள் என்று ஊரைப் பார்த்துப் பேரணி நடத்துகிறோம். ரோட்டில் போகிறவனுக்கு யாருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதென்று எப்படித் தெரியும்? எங்களுக்குத்தான் தெரியும். கேஸ் ஷீட் எங்கள் கையில்தானே இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். 2000-ஐ ஒட்டிய வருஷங்கள், பெண்கள் சர்ஜிக்கல் வார்டு. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஒரு அம்மா வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் லாரி டிரைவர், இறந்துவிட்டார். கூட நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிற பெண் குழந்தை மட்டும். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வட்டம் போட்டது நான். பாத்ரூமை ஒட்டின கடைசிக் கட்டிலுக்கு மாற்றியதும் நான்தான். எந்த டாக்டரும் சொல்லவில்லை, எந்த ஆர்டரும் கிடையாது, அதுதான் வார்டு வழக்கம், எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர்கள் செய்ததை நான் செய்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் சிவப்பு வட்டம் என்னவென்று தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே தன் டம்ளரை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் லிஸ்ட்டில் அந்த அம்மாவின் பெயர் எப்போதும் கடைசி. அவரை முடித்துவிட்டுத் தியேட்டரை நன்றாகக் கழுவ வேண்டுமாம். (அப்படியென்றால் மற்ற கேஸ்களுக்குப் பிறகு அரைகுறையாகத்தான் கழுவினோமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.) கடைசிக் கேஸ் என்றால் நேரமாகிவிட்டது என்று தள்ளிப்போகும். மூன்று நாள் அப்படிப் போனது. மூன்று நாளும் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மத்தியானம் வரை காத்திருப்பார், அப்புறம், "ஏனுங் சிஸ்டர், இன்னிக்கும் இல்லீங்களா, அப்ப காப்பித்தண்ணி குடிக்கலாமுங்களா?" என்று கேட்பார். ஒரு கோபம் கிடையாது. நாலாவது நாள் ஆபரேஷன் நடந்தது. அந்தக் குழந்தைதான் என்னிடம் வந்து, "எங்கம்மா பேப்பர்ல மட்டும் ஏனுங்க சிவப்புல எழுதியிருக்குது?" என்று கேட்டது. நீல மை தீர்ந்துபோச்சு கண்ணு என்று சொன்னேன். என் சட்டைப் பையில் நீலப் பேனா சொருகியிருந்தது. குழந்தை அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது.

நாங்கள் கெட்டவர்கள் என்பதால் இப்படி நடந்ததில்லை, பயந்துபோய் இருந்தோம். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷம் கொடுக்க மருந்து இல்லை, அதனால் பயத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள். மண்டை ஓடு போட்ட சார்ட், ஆட்கொல்லி நோய் என்ற தலைப்பு. அப்புறம் ஊரெங்கும் புள்ளிராஜா விளம்பரம் வந்தது. ஆணுறையைப் பற்றி டீக்கடையில் வாய்விட்டுப் பேச வைத்த விளம்பரம் அது, அந்தப் பெருமையை எடுக்க முடியாது. ஆனால் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்விக்கு, தப்பு செய்தவனுக்கு வரும் என்று ஊர் தானாகவே பதில் எழுதிக்கொண்டது. கட்டின புருஷனிடமிருந்து வாங்கிக்கொண்ட பெண்களுக்கு அந்தப் பதிலில் இடமே இல்லை.

2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் வைரஸைக் கட்டுப்படுத்துகிற ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நோயின் கதையே அங்கே மாறிவிட்டது. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இது எவ்வளவு பெரிய செய்தி! இதை எத்தனை பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதியிருக்கிறோம்?

எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு அது தொற்றுவதற்கான வாய்ப்பு நூற்றில் முப்பது வரைக்கும் போகும். எச்.ஐ.வி.க்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிடலாம், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. தவிர, சிவப்பு வட்டம் போட்டவரிடம் மட்டும் ரெண்டு கிளவுஸ் போடுகிறவர், தொற்றிப் புதிதாக இருப்பதால் டெஸ்ட்டில் இன்னும் தெரியாதவரிடம் வெறுங்கையோடு நிற்பார். யாராக இருந்தாலும் ஒரே மாதிரி கவனம் என்று புத்தகத்தில் போட்டிருப்பது நோயாளிக்காக மட்டுமில்லை, நமக்காகவும்தான்.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்வீர்கள். சரி, போன வருஷ விஷயம் ஒன்று. தெரிந்த பையன் ஒருவன், வருஷக்கணக்காக மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பவன், கடைவாய்ப் பல் பிடுங்கப் போனான். மூன்று இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறான். ஒரு இடத்தில் மெஷின் ரிப்பேர், இன்னொரு இடத்தில் டாக்டர் லீவு, மூன்றாவது இடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். நாலாவது இடத்தில் சொல்லவில்லை, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். "இனிமே எங்கேயும் சொல்லவே மாட்டேன் மேடம்" என்றான். நான் என்ன பதில் சொல்ல?

இதற்குச் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சிகிச்சை, வேலை, படிப்பு, வாடகை வீடு எதையும் எச்.ஐ.வி.யைக் காட்டி மறுக்கக் கூடாது, சம்மதம் வாங்காமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் எங்கள் புகார் அதிகாரி யார் என்று கேட்டேன், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 1097 என்ற இலவச எண்ணைச் சுவரில் எழுதியிருப்பதுபோல அந்த அதிகாரியின் பெயரையும் போன் நம்பரையும் ஓ.பி. சீட்டு கொடுக்கிற ஜன்னல் மேலேயே எழுதிப் போடச் சொல்லி உங்கள் பேப்பர் கேட்கலாம். ஒரு பெயிண்ட் டப்பா செலவு.

பேப்பர் என்றதும் இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2018-ல் சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றிய விவகாரம் ஞாபகம் இருக்கும். ரத்தம் கொடுத்த பையனுக்குத் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாது, வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் தெரியவந்ததும் தானாகவே போய்ச் சொன்னவன். கடைசியில் அவனே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த நேர்மைக்கு நாம் கொடுத்தது என்ன என்று இன்னும் யோசிக்கிறேன். உங்கள் செய்திகளில் இப்போதும் 'எய்ட்ஸ் நோயாளி', 'உயிர்க்கொல்லி' என்று வருகிறது. எச்.ஐ.வி. உள்ள எல்லாரும் எய்ட்ஸ் நிலைக்கு வந்தவர்கள் இல்லை. முகத்தை மறைத்துப் படம் போட்டுவிட்டு ஊர் பெயர், தெரு பெயர், கணவர் தொழில் எல்லாம் எழுதினால் மறைத்ததில் என்ன பிரயோஜனம்?

இந்தக் கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். எனக்காக இல்லை. என் பெயரைப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று தெரிந்துவிடும், அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணமாகி இந்தப் பக்கத்திலேயே எங்காவது இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
நாமக்கல் மாவட்டம்