ஹாப்ஸை விதை போட்டு வளர்க்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சுவோர் அதற்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியையும் தாங்களே வளர்த்துக்கொள்ளலாம் என்று சென்ற ஞாயிறு இணைப்பின் தோட்டப் பக்கத்தில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கும் நான், வாடகைக்கு எடுத்த சிறு தோட்டத் துண்டில் பதினோரு ஆண்டுகளாக அந்தக் கொடியை வளர்த்து வருகிறேன். ஆனால், விதையை வாங்கி மார்ச் மாதத்தில் தொட்டியில் போட்டால் அந்தக் கோடையிலேயே பறித்துவிடலாம் என்ற இடத்துக்கு வந்ததும், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே தவறைச் செய்து இரண்டு ஆண்டுகளை இழந்தவன் நான்.

பனையைப் போலவே ஹாப்ஸிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பீருக்கு வேண்டியவை பெண் கொடியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பச்சைக் கூம்புகள் மட்டுமே. ஆண் கொடியால் காய்ச்சுபவருக்கு எந்தப் பயனும் இல்லை. முளைத்து வரும் நாற்றைப் பார்த்து எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது, பூக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நான் வாங்கிய பொட்டலத்தில் முளைத்தவை இரண்டே விதைகள். முதல் ஆண்டு அவை பூக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டு ஜூலையில் இரண்டிலும் வேப்பம்பூங்கொத்துப் போலச் சிறு பூக்கள் தொங்கியபோது எனக்கு ஏற்பட்ட பூரிப்பு ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. சிறு வயதில் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து குடும்பத்தோடு ஒவ்வொரு செப்டம்பரிலும் கென்டுக்கு ஹாப்ஸ் பறிக்க வந்துபோன பெரியவர் ஒருவர் பக்கத்துத் துண்டில் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் வந்து ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இரண்டுமே ஆண் என்று சொல்லிவிட்டார்.

விதையிலிருந்து பெண் செடியே கிடைத்தாலும் அது தாயைப் போல இருக்காது. பங்கனப்பள்ளிக் கொட்டையை நட்டுப் பங்கனப்பள்ளியை எதிர்பார்க்க முடியாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. விதை நாற்றிலிருந்து நல்ல ரகத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு நெடிய வேலை என்பதற்கு இந்தக் கென்ட் மண்ணிலேயே சான்று இருக்கிறது. வை (Wye) என்ற ஊரில் இருந்த வேளாண் கல்லூரியின் பேராசிரியர் சால்மன், கனடாவின் மானிடோபாவிலிருந்து 1916-இல் வந்த காட்டு ஹாப்ஸ் ஒன்றின் வழியில் உருவாக்கிய பிரூவர்ஸ் கோல்ட் என்ற ரகம் 1934-இல்தான் வெளியாயிற்று. ஆகவே வீட்டுத் தோட்டக்காரர் வாங்க வேண்டியது, பெயர் தெரிந்த பெண் ரகத்தின் வேர்க்கிழங்குத் துண்டு அல்லது அதிலிருந்து வளர்த்த கன்று. ஃபகிள், கோல்டிங் ஆகிய பழைய ரகங்கள் ஐந்து, ஆறு மீட்டர் உயரம் ஏறும். அவ்வளவு உயரத்துக்குக் கயிறு கட்ட வசதி இல்லாதவர்களுக்கு ஃபர்ஸ்ட் கோல்ட் என்ற குட்டை ரகம் போதும், வேலி உயரத்திலேயே நின்றுவிடும்.

நடுவதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. மஞ்சள் கிழங்கை வைப்பது போலப் படுக்கையாக வைத்து மண்ணை மூடி, நல்ல வெயிலும் தண்ணீரும் கிடைக்கச் செய்தால் ஏப்ரலில் ஒரு கிழங்கிலிருந்து பத்துப் பதினைந்து தளிர்கள் எழும். அவற்றில் மூன்று, நான்கை மட்டும் கயிற்றில் ஏற்றிவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியதை வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடலாம், அத்தனை ருசி. ஏற்றும்போது கடிகார முள் சுற்றும் திசையிலேயே சுற்றிவிட வேண்டும், மாற்றிச் சுற்றினால் மறுநாள் கொடி தானே அவிழ்ந்து தரையில் கிடக்கும். தண்டு முழுவதும் கொக்கி போன்ற சொரசொரப்பான மயிர்கள் இருப்பதால் முழுக்கைச் சட்டை இல்லாமல் வேலை செய்தால் முன்கையெல்லாம் சிவந்து தடித்துவிடும். கோடை நடுவில் கொடியின் அடியிலுள்ள இலைகளை ஒரு மீட்டர் உயரம்வரை உருவிவிட்டால் காற்றோட்டம் கிடைத்துப் பூஞ்சண நோய் மட்டுப்படும். முதல் ஆண்டு ஒரு கைப்பிடி கூம்பு கிடைத்தாலே பெரிது. என் கோல்டிங் கொடி மூன்றாம் ஆண்டில்தான், உலர்ந்த எடையில், அறுநூறு கிராம் அளவுக்குக் கொடுத்தது.

கட்டுரை "பறித்துப் பயன்படுத்தலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்ட இடத்தில்தான் உண்மையான வேலையே தொடங்குகிறது. முற்றாத கூம்பை விரலால் அழுத்தினால் ஈரமாக, அழுத்தியபடியே அமுங்கிக் கிடக்கும். முற்றியது காகிதம் போலச் சரசரத்து, விரலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதை இரண்டாகப் பிளந்து பார்த்தால் செதில்களின் அடியில் மகரந்தம் போல மஞ்சள் தூள் அப்பியிருக்கும். லூபுலின் என்கிற இந்தத் தூளுக்காகத்தான் இத்தனை பாடும். பீரின் கசப்பும் மணமும் இதில்தான் இருக்கின்றன. கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, எலுமிச்சைத் தோலும் புதிதாக வெட்டிய புல்லும் கலந்தாற்போல் மணக்கும். அன்று முழுவதும் பறித்தால் பிசின் ஏறி விரல்கள் கறுத்துவிடும், சோப்பு போட்டாலும் எளிதில் போகாது. இங்கே அந்தப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் முழுவதும் நீளும்.

பறித்த கூம்பில் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். சாக்கில் கட்டி ஓரிரவு வைத்தாலே புழுங்கிச் சூடேறிக் கெட்டுவிடும். கென்ட் கிராமங்களில் இன்றும் நிற்கும், கூம்பு வடிவக் கூரையும் உச்சியில் வெள்ளை மரத் தொப்பியும் கொண்ட உலர்த்தும் வீடுகள் இதற்காகவே கட்டப்பட்டவை. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. பழைய ஜன்னல் கொசுவலையைச் சட்டத்தில் அடித்து, கூம்புகளை ஒரே அடுக்காகப் பரப்பி, வெயில் படாத கொட்டகையில் அடியிலிருந்து மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு, மூன்று நாளில் காய்ந்துவிடும். கூம்பின் நடுக்காம்பு வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். அதன் பிறகு காற்றை அழுத்தி வெளியேற்றிய பையில் கட்டி உறைபெட்டியில் வைக்க வேண்டும். வெளியே அலமாரியில் வைத்தால் சில மாதங்களில் கெட்டுப்போன பாலாடைக்கட்டி வாசம் வந்துவிடும்.

ஹாப்ஸ்தான் பீரை நொதிக்கச் செய்கிறது என்று கட்டுரையில் இருந்ததையும் திருத்த வேண்டும். நொதிக்கச் செய்வது ஈஸ்ட். ஹாப்ஸ் கசப்பையும் மணத்தையும் தருவதோடு பீர் சீக்கிரம் கெடாமலும் காக்கிறது. கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம், ஊறலோடு (பீராக மாறவிருக்கும் முளைதானியச் சாற்றோடு) ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதித்தால்தான் உருமாறிக் கரையும். மணம் தரும் எண்ணெய்களோ அந்தக் கொதியில் ஆவியாகிவிடும். கடையில் வாங்கும் பொட்டலத்தில் அமிலத்தின் விழுக்காடு அச்சிட்டிருக்கும், நம் தோட்டத்துக் கூம்பில் அது எவ்வளவு என்று ஆய்வகத்தில்தான் அறிய முடியும். அதனால் நான் கசப்புக்குக் கடைச் சரக்கையும், கடைசிப் பத்து நிமிடத்தில் மணத்துக்கு என் தோட்டத்துச் சரக்கையும் போடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

சென்னை மொட்டைமாடியிலும் வளரும் என்று கட்டுரை நம்பிக்கை தருவதை நான் ஏற்கவில்லை. கொடி உயர்ந்து வளர நீண்ட கோடைப் பகல் தேவை. ஜூனில் கென்டில் பகல் பதினாறரை மணி நேரம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூடப் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. அங்கே கொடி வளர்ந்து முடிவதற்குள் பூக்கத் தொடங்கிவிடும், விளைச்சல் சொற்பமாகவே இருக்கும். இந்தியாவில் ஹாப்ஸ் விளையும் இடம், வடக்கே வெகுதொலைவில் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு. தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். இங்கிலாந்திலும் 1963 வரை வீட்டில் காய்ச்ச உரிமம் தேவைப்பட்டது. இன்று சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை, விற்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைத்தது, காய்ச்சிய பின் மிஞ்சும் ஹாப்ஸைச் செடிகளுக்கு உரமாகப் போடலாம் என்ற யோசனையைக் கட்டுரை ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் தந்திருப்பது. உரமாகப் போடலாம், உண்மைதான். ஆனால் அதை நாய் தின்றால் அதன் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடக்கூடும். பச்சையானாலும் காய்ந்ததானாலும் காய்ச்சியதானாலும் ஆபத்து ஒன்றே. நாய் வளர்ப்பவர்கள் மூடியுள்ள உரத்தொட்டியில் மட்டுமே அதைப் போட வேண்டும், தின்றுவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். இதை மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விதையைப் பற்றிய திருத்தத்தையும் பிப்ரவரி முடிவதற்குள் வெளியிட்டால் நல்லது, வேர்க்கிழங்குகள் விற்பனைக்கு வரும் காலம் அது. மார்ச் தொடக்கத்தில் என் கோல்டிங் கொடியின் அடியைத் தோண்டிப் பிரிக்கும்போது பத்துத் துண்டுகளாவது மிஞ்சும். லண்டனிலும் கென்டிலும் உள்ள உங்கள் வாசகர்கள் கேட்டால் தங்கள் அலுவலகத்தின் வழியாக அவற்றை இலவசமாக அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கென்ட், இங்கிலாந்து.