பதிப்பாளர்களே, சொல்லடைவு எங்கே?

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். தொற்றுநோய்களின் வரலாறு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூலைப் போன வாரம் முடித்தேன். 512 பக்கம், நல்ல புத்தகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்னோ எந்த வீட்டில் எத்தனை சாவு என்று கணக்கெடுத்து, கடைசியில் நோயைப் பரப்பிய பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியையே கழற்றவைத்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தேன். மறுநாள் நண்பரிடம் அதைச் சொன்னால், "அதற்கு முன்பே வியன்னாவில் டாக்டர்களைக் கைகழுவச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாரே ஒருவர், அவர் இதில் வருகிறாரா?" என்றார். வருகிறார். செம்மல்வெய்ஸ், 1847. எந்தப் பக்கத்தில்?

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் புரட்டினேன், நண்பர் கிளம்பியே போய்விட்டார். அப்புறம் இரண்டு இடத்தில் அகப்பட்டார்: ஓரிடத்தில் செம்மல்வெய்ஸ், இன்னோரிடத்தில் செமல்வீஸ். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் கடைசியில் தரும் பட்டியல்தான் சொல்லடைவு. அதைத் தயாரிக்க யாராவது உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அச்சுக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.

பக்கம் கூடினால் விலை கூடும் என்பீர்கள். அச்சகத்தில் ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் இந்தப் புத்தகத்தின் கடைசியில் ஆறு பக்கம் வெற்றுத்தாளாகவே கிடக்கிறது. சொல்லடைவுக்கு நான்கு போதும். வேலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். தமிழில் ஸ்னோ, ஸ்னோவை, ஸ்னோவுக்கு என்று உருபு ஒட்டிக்கொண்டே போவதால் கணினியை மட்டும் நம்பவும் முடியாது, ஆள் உட்கார்ந்துதான் குறிக்க வேண்டும். அதற்குத்தானே பதிப்பாசிரியர்?

ஆனால் அணிந்துரைக்கு மட்டும் இடம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. இதற்கு முன் படித்த நாவலில் மூன்று அணிந்துரை, மொத்தம் 22 பக்கம். இரண்டாவதை எழுதியவர் தம்பியைக் காட்டிக்கொடுத்தது அம்மாதான் என்பதை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டார். நாவலாசிரியர் 300 பக்கம் மூச்சைப் பிடித்து மறைத்து வைத்த விஷயம் ஐயா அது! மெதுவாக, அந்த அம்மா தட்டில் சோறு போடும் விதத்தை வைத்தே நமக்குச் சந்தேகம் வரவழைத்திருந்தார், அவ்வளவு நுணுக்கம். எனக்குத்தான் சந்தேகப்பட வாய்ப்பே கிடைக்கவில்லை. அணிந்துரையைப் பின்னுரையாகப் போட்டால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான்: கட்டுரை, வரலாறு, அறிவியல் என்று எது போட்டாலும் தயவுசெய்து சொல்லடைவு சேருங்கள். நாவலுக்கு வேண்டாம், கதையல்லாத நூல்களுக்காவது சேருங்கள்.

அந்த ஆறு வெற்றுப் பக்கங்களில் நான்கை நானே பென்சிலால் நிரப்பிவிட்டேன், செமல்வீஸையும் செம்மல்வெய்ஸோடு சேர்த்து. மறுபதிப்புக்கு வேண்டுமென்றால் படமெடுத்து அனுப்புகிறேன், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்