கடைக்கு வர அவசரமில்லை, பாப்பா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம். அன்று போனில் நீ கேட்டதற்குக் கடைக் கூட்டத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சீனியர்கள் டிஎன்பிஎஸ்சி எழுது, இல்லாவிட்டால் எம்எஸ்சி சேர் என்கிறார்கள், இரண்டும் அமையாவிட்டால் பூச்சிமருந்து கம்பெனிக்காக பைக்கில் சுற்ற வேண்டியதுதானாம், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாய். உன் குரலே சரியில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா கல்லூரிக்குப் போனதில்லை. ஆனால் பெரம்பலூரில் உரக்கடை வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீ படிக்கிற வேளாண்மைப் படிப்பைப் படித்தவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்கிறார்கள். கம்பெனி ஆபீசர், வேளாண் அலுவலர், மருந்து மாதிரி எடுக்க வரும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், பயிர்க்கடன் விஷயமாக விசாரிக்க வரும் வங்கி அதிகாரி எல்லோரும் வருகிறார்கள். யார் இந்த வேலையில் ஊன்றி நிற்கிறார்கள், யார் ஒரே சீசனில் காணாமல் போகிறார்கள் என்று இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

முதலில் கடை விஷயத்தை முடித்துவிடுகிறேன். அம்மாவும் பெரியப்பாவும் அதை உன் தலையில் ஏற்றியிருப்பார்கள். பூச்சிமருந்து விற்கும் லைசென்ஸுக்குப் படிப்புத் தகுதி வேண்டும் என்று விதியைத் திருத்தியதும் என்னைப் போன்ற பழைய டீலர்கள் மறுபடியும் வகுப்பில் போய் உட்கார வேண்டி வந்தது. ஹைதராபாத்தில் மேனேஜ் என்கிற மத்திய அரசு வேளாண் மேலாண்மை நிறுவனம் டீலர்களுக்காக வைத்திருக்கும் டேசி டிப்ளமோ, 48 வாரம், கடை லீவு நாளில் வகுப்பு. இந்த வயதில் நோட்டில் அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் படம் வரைந்ததைப் பார்த்து நீகூடச் சிரித்தாய். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டம் கையில் இருந்தாலே லைசென்ஸ் கேட்கலாம். அதனால் 'பொண்ணு படிச்சு முடிச்சதும் கடையைப் பார்த்துக்கட்டும்' என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. வருவதாக இருந்தால் மூன்று நான்கு வருடம் வேறு எங்காவது சம்பளம் வாங்கிவிட்டு வா. அப்பா கடையிலேயே ஆரம்பித்தால் தப்பு செய்யும்போது கண்டிக்க ஆள் இருக்காது. நீ சொல்கிற யோசனையை விவசாயியும் முதலாளி மகள் வாக்காகத்தான் கேட்டுக்கொள்வார். அதில் நீ எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

சரி, இப்போது உன் விஷயம். அடுத்த மாதம் ராவே, அதுதான் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழகும் பயிற்சி, தொடங்குகிறது என்றாய். நான்கு வருடப் படிப்பில் உனக்கு வேலை வாங்கித் தரப் போவது இந்தக் கிராமத்து மாதங்கள்தான் என்பது என் எண்ணம். ராவே எப்படி நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கமும் மாணவர்கள் வருகிறார்கள். தெருவில் கோலப்பொடியால் கிராம வரைபடம் போட்டு, பேனரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்து, மறுநாள் பேப்பரில் 'வேளாண் மாணவிகள் விழிப்புணர்வு' என்று செய்தி வந்துவிட்டால் முடிந்தது. ரெக்கார்டுக்கு அது வேண்டும், செய்துகொள். ஆனால் அதோடு நின்றுவிடாதே.

உன்னை எந்த ஒன்றியத்தில் போடுவார்களோ தெரியாது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் என்றால் வாழையும் நெல்லும். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் என்றால் கரிசல் மானாவாரி, உளுந்து, மக்காச்சோளம், மிளகாய். எங்கே போட்டாலும் ஒரே ஒரு பயிரை எடுத்துக்கொண்டு, நாலைந்து விவசாயிகளின் வரவு செலவை முழுசாக எழுது. உழவுக்கு என்ன ஆனது, விதை எங்கே வாங்கினார், எந்த ரகம், ஏன் அந்த ரகம், எத்தனை முறை மருந்து அடித்தார், யார் சொல்லி அடித்தார், அறுப்புக் கூலி எவ்வளவு, கமிஷன் மண்டியில் எவ்வளவு பிடித்தார்கள், கடைசியில் கையில் என்ன நின்றது. யார் சொல்லி அடித்தார் என்பதை மட்டும் விட்டுவிடாதே. பாதிப் பேர் 'கடைக்காரர் கொடுத்தார்' என்பார்கள். அப்பா இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் கேள்.

இந்த நோட்டு எதற்கு என்கிறாயா? எந்த வேலைக்கான நேர்முகத்திலும் சுற்றி வளைத்து இதைத்தான் கேட்கிறார்கள். வங்கி வேளாண் அலுவலர் வேலைக்கு ஐபிபிஎஸ் தேர்வு இருக்கிறதே, எழுத்துத் தேர்வில் தேறுகிறவர்கள் நிறைய. நேர்முகத்தில்தான் சறுக்குகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் முக்கியப் பயிர் என்ன, ஏக்கருக்கு என்ன செலவு, அதற்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று கேட்டால் புத்தகத்தை ஒப்பித்தவர்களுக்கு வாய் வராது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் 4 சதவீதம் என்பதும், பயிர்க் காப்பீட்டில் காரீப் பருவத்துக்கு 2, ராபி பருவத்துக்கு 1.5, தோட்டப் பயிருக்கு 5 சதவீதம் பிரீமியம் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். 2025 ஜனவரியிலிருந்து ஈடு இல்லாத விவசாயக் கடன் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்ந்ததால் விளாத்திகுளத்தில் மானாவாரி செய்கிற ஒரு விவசாயிக்கு என்ன லாபம் என்று ஒரு ஆளை மனதில் வைத்துப் பேசினால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கம்பெனி வேலையைப் பற்றி உனக்கு யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் உண்மைதான். விதை, மருந்துக் கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்கு இரண்டு மூன்று தாலுகா கொடுப்பார்கள். மாத டார்கெட் உண்டு. சீசனுக்கு முன்னால் டீலர் கடையில் சரக்கை இறக்க வேண்டும், சீசன் முடிந்ததும் கலெக்‌ஷனுக்கு நடையாய் நடக்க வேண்டும், விற்காத சரக்கு திரும்பி வந்தால் அதற்கும் பேச்சு வாங்க வேண்டும். வெயிலில் வந்து நின்று 'செக் எப்ப சார் தருவீங்க' என்று கேட்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். சிலர் நேரடியாகக் கம்பெனி ஆளாக இல்லாமல் ஏதோ ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். வேலை ஒன்றுதான், சலுகைகள் வேறு. சேரும் முன்னால் ஆர்டரில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் அதே வேலையில் ஏறிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததே, நீ அப்போது பள்ளிக்கூடம். புது வகைப் புழு, இங்கே யாருக்கும் பழக்கமில்லை. விவசாயிகள் கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து அடித்தார்கள். கம்பெனி ஆட்கள் பலர் கடையோடு வந்துவிட்டுப் போனார்கள். ஒரு பையன் மட்டும் காலையிலேயே காட்டுக்குப் போய்விடுவான். குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்து, தலையில் தலைகீழான ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளி என்று விவசாயிக்குக் காட்டுவான். சாயங்காலம் அடியுங்கள், குருத்துக்குள் விழுகிற மாதிரி அடியுங்கள் என்பான். எமாமெக்டின் பென்சோயேட் மருந்து லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம் போதும் என்பான். அது அவன் கம்பெனிச் சரக்கே இல்லை. அடுத்த சீசனில் அவன் கொண்டுவந்த விதையை வாங்கச் சொல்லி நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு அவனுக்குக் கீழே நாலு மாவட்டம்.

நீ பெண் என்பதை மறைத்துப் பேசி லாபமில்லை. ஃபீல்டு வேலைக்குப் பெண்களை எடுக்க இன்னும் தயங்குகிற கம்பெனிகள் இருக்கின்றன. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், 'தெரியப்படுத்துகிறோம்' என்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விவசாயிகள் கூட்டம், நாள் முழுக்க கழிப்பறை கிடையாது, தனியாக வண்டி. இதெல்லாம் நிஜமான கஷ்டங்கள். விதை உற்பத்தி, தரப் பரிசோதனைக் கூடம், திசு வளர்ப்பு, பொருள் கொள்முதல் என்று வேறு பிரிவுகளும் அங்கே உண்டு, கேட்டுப் பார். ஆனால் ஃபீல்டு உனக்குப் பிடித்திருந்தால் அதற்கே போ. களையெடுப்பிலும் நடவிலும் நிற்பது பெண்கள்தான். அவர்களிடம் நேராகப் பேசுகிற ஆபீசரை இந்தக் கடைக்கு வந்தவர்களில் நான் அதிகம் கண்டதில்லை. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அரசுத் தேர்வை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஎன்பிஎஸ்சி வேளாண் அலுவலர், தோட்டக்கலை அலுவலர் இரண்டும் நல்ல வேலைகள். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்க வேண்டும், அது உனக்குப் பிரச்சினை இல்லை. நபார்டு வங்கியின் கிரேடு ஏ அதிகாரி தேர்விலும் வேளாண்மைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணிக்கும் உன் பட்டம் செல்லும். உன் சீனியர்கள் சொல்கிற இரண்டு வழியைவிட வழி அதிகம்தான். எனக்குப் பிடிக்காதது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரூமெடுத்து உட்கார்ந்து படிப்பது. ஒரு வருடம் பணியிடம் நிறைய அறிவிப்பார்கள், ஒரு வருடம் ஒன்றுமே இருக்காது. நம் தெருவிலேயே இருக்கிறார்கள், பட்டம் வாங்கிப் பல வருடம் ஆகியும் 'இந்தத் தடவை வந்துவிடும்' என்கிறவர்கள். ஐபிபிஎஸ் வயது வரம்பு 30. வேலையில் இருந்துகொண்டே எழுது. சம்பளம் வருகிறவள் எழுதும் தேர்வில் கை நடுங்காது.

எம்எஸ்சி உனக்கு ஆராய்ச்சியில் பிடிப்பு இருந்தால் படி. வேலை கிடைக்கும்வரை நாளைத் தள்ளுவதற்காகப் படிக்காதே, இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியோடு போன் செய்வாய். வியாபாரப் பக்கம் போக ஆசை என்றால் அதே மேனேஜ் நிறுவனத்தில் வேளாண் வணிக மேலாண்மைப் படிப்பு இருக்கிறது, அதற்கு எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு மதிப்பெண் வேண்டும். குஜராத்தில் ஆனந்த் ஊரிலுள்ள இர்மா என்கிற கிராமப்புற மேலாண்மைக் கல்வி நிறுவனமும் நல்ல இடம் என்று இங்கே வந்துபோகும் மேலாளர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, உங்கள் கல்லூரியில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை போல. விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஆள் தேவை. 2020-இல் மத்திய அரசு அறிவித்த 10,000 நிறுவனங்கள் திட்டத்தில் சிஇஓ சம்பளத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வரை முதல் மூன்று வருடம் உதவி தருகிறார்கள். தொகை பெரிதில்லை. இயக்குநர் குழுவில் ஆளுக்கு ஒரு கட்சி, கணக்குப் புத்தகம் ஒரு பக்கம், மண்டிக்காரர் ஒரு பக்கம் என்று இழுபறியும் உண்டு. ஆனால் கொள்முதல், லைசென்ஸ், ஜிஎஸ்டி, வங்கி எல்லாம் ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிடும். நீயே சொந்தமாக ஏதாவது தொடங்க நினைத்தால் 2002-இலிருந்து வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, வங்கிக் கடனில் பொதுவாக 36 சதவீதம், பெண்களுக்கு 44 சதவீதம் மானியம். அது இப்போதைக்கு வேண்டாம். இருக்கிறது என்று தெரிந்துகொள், போதும்.

நீ அனுப்பிய பயோடேட்டாவைப் பார்த்தேன். இரண்டு பக்கம் இருக்கிறது, அதில் உன்னைக் காணோம். 'சவாலான பணிச்சூழலில் திறமையை வெளிப்படுத்த' என்கிற முதல் வரியை எடுத்துவிடு, ஊரில் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். என் பெயர், மதம், பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் போதும். ராவேயில் எந்தக் கிராமம், எந்தப் பயிர், என்ன கண்டுபிடித்தாய் என்று எழுது. மண் மாதிரி எடுக்கத் தெரியும், விதை முளைப்புத்திறன் பார்க்கத் தெரியும், தமிழில் கூட்டம் பேசத் தெரியும், இவையெல்லாம் எழுத வேண்டிய விஷயங்கள்தான். எந்தப் பேராசிரியரின் பெயரைக் கொடுக்கிறாயோ அவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. கொஞ்சம் ஆங்கிலத்தில் பேசிப் பழகு. மேலாளர்களோடு மீட்டிங் எல்லாம் அதில்தான்.

வேலை வாங்கித் தருகிறோம், டெபாசிட் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடு. ஒரிஜினல் சான்றிதழைப் பார்க்கக் கொடுக்கலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்று பாண்டு கேட்டால் எனக்கு அனுப்பு, நம் வக்கீல் மாமாவிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

அப்புறம், ஸ்கூட்டி ஓட்டுவது போதாது, கியர் வண்டி பழக வேண்டும். எல்எல்ஆர் போட்டு 30 நாள் ஆனால்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். இந்த வாரமே ஆன்லைனில் போட்டுவிடு. தீபாவளிக்கு வரும்போது டெஸ்ட்டை முடித்துவிடலாம். பழகுவதற்கு என் பழைய ஸ்ப்ளெண்டர் இருக்கிறது, கிளட்ச் மாற்றி வைக்கிறேன். பணம் 2,000 அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா